ஈய மாசடைந்த முற்ற மண் அகற்றல்

ஈய மாசடைந்த முற்ற மண் அகற்றல் என்பது, வீடுகளைச் சூழ்ந்த முற்றம், தோட்டம், விளையாடும் இடம் ஆகியவற்றின் மேல்மண்ணில் ஈயம் தீங்கான அளவில் கலந்திருக்கும்போது, அம்மண்ணைத் தோண்டி எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைத்துவிட்டு, அதன் இடத்தில் தூய மண்ணை நிரப்பும் பணியாகும். பழைய உலோக உருக்காலைகள், சுரங்கங்கள், மின்கலம் உடைக்கும் இடங்கள் ஆகியவற்றை அண்டிய குடியிருப்புகளில் இப்பணி மேற்கொள்ளப்படுகிறது. ஐந்து அகவைக்குட்பட்ட குழந்தைகளின் குருதியில் ஈயம் சேர்வதைத் தடுப்பதே இதன் முதன்மை நோக்கம்.

இக்கட்டுரையில் ஈயம் எனக் குறிக்கப்படுவது காரீயம் ஆகும். சமையற் பாத்திரங்களுக்குப் பூசப்படும் "ஈயம்" உண்மையில் வெள்ளீயம் என்னும் வேறொரு தனிமம். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

மண்ணில் ஈயம் சேரும் விதம்

மாசடையாத மண்ணிலும் சிறிதளவு ஈயம் உண்டு. பொதுவாக ஒரு கிலோகிராம் மண்ணில் 10 முதல் 50 மில்லிகிராம் வரை காணப்படும். இவ்வளவை மிகுதியாக்கும் மூலங்களுள் முக்கியமானவை பின்வருவன:

- ஈயத் தாதுவை உருக்கும் ஆலைகளின் புகையும் தூசியும்
- தாது அரைத்தல், கழுவுதல் ஆகியவற்றின் கழிவுகள்
- ஈய-அமில மின்கலங்களை உடைத்து ஈயத்தை மீட்கும் தொழில்
- பழைய வீடுகளின் சுவர்களிலிருந்தும் பலகைகளிலிருந்தும் உதிரும் ஈய வண்ணப்பூச்சு
- ஈயம் கலந்த பெட்ரோலின் புகை (வாகனங்களுக்கான இவ்வகைப் பெட்ரோலின் விற்பனையை உலகில் கடைசியாக நிறுத்திய நாடு அல்சீரியா, ஆண்டு 2021)

ஈயம் ஒரு தனிமம் ஆதலால் கரிமக் கழிவுகளைப் போல அது மக்கி அழிவதில்லை. மண்ணிலுள்ள களிமண் துகள்களோடும் மக்கிய கரிமப் பொருளோடும் அது இறுகப் பிணைந்துகொள்கிறது. மழைநீருடன் ஆழத்துக்கு இறங்குவதும் குறைவு. எனவே காற்றிலிருந்து படிந்த ஈயம், கிளறப்படாத நிலத்தின் மேற்பகுதியிலேயே பல தலைமுறைகள் தங்கியிருக்கும். ஆலையை மூடிய பின்னரும் அதன் மாசு முற்றத்தில் நீடிப்பதற்கு இதுவே காரணம். மாசு பெரும்பாலும் மேற்பரப்பில் இருப்பதே, தோண்டி அகற்றும் முறையை நடைமுறைக்கு ஏற்றதாகவும் ஆக்குகிறது.

குழந்தைகளுக்கு ஏற்படும் தீங்கு

தவழும் குழந்தையும் தளர்நடை பயிலும் குழந்தையும் தரையில் கைவைத்து விளையாடுகின்றன. அக்கையை வாயிலும் வைக்கின்றன. இவ்வாறு நாள்தோறும் சிறிதளவு மண்ணும் தூசியும் எல்லாக் குழந்தைகளின் வயிற்றுக்கும் செல்கின்றன. விழுங்கப்படும் ஈயத்தில் குழந்தைகளின் உடல் உறிஞ்சும் பங்கு, பெரியவர்களின் உடல் உறிஞ்சுவதைவிட 4 முதல் 5 மடங்கு வரை கூடுதலாக இருக்கலாம் என உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது.

ஒரு குழந்தை நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் மண்ணை, அதாவது ஒரு சிட்டிகையிலும் குறைவான அளவை, விழுங்குவதாகக் கொள்வோம். அம்மண்ணின் ஒரு கிலோகிராமில் 1,000 மில்லிகிராம் ஈயம் இருப்பின், அக்குழந்தையின் வயிற்றுக்குள் செல்லும் ஈயம் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் ஆகும். குருதியில் உள்ள ஈயமோ ஒரு டெசிலீட்டருக்கு (100 மில்லிலீட்டர்) இத்தனை மைக்ரோகிராம் என்றே அளக்கப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மற்றும் தடுப்பு மையம், ஒரு குழந்தையைக் கவனிப்புக்கு உட்படுத்த வேண்டிய அளவை 2021 ஆம் ஆண்டில் 3.5 மைக்ரோகிராம் எனக் குறைத்தது. தீங்கற்றது என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை.

குறைந்த அளவிலான ஈயம் கற்கும் திறனையும் கவனத்தையும் குறைக்கிறது. வெளிப்படையான அறிகுறி இல்லாமையால் பெற்றோர் இதனை உணர்வதில்லை. மிகுந்த அளவில் சேர்ந்தால் வயிற்றுவலி, குருதிச்சோகை, வலிப்பு, மூளை வீக்கம், இறப்பு ஆகியவை நேரும். உடலில் சேர்ந்த ஈயத்தின் பெரும்பகுதி எலும்பில் படிந்து பல ஆண்டுகள் தங்குகிறது. வளரும் மூளைக்கு நேர்ந்த சேதத்தை எந்த மருந்தாலும் முழுமையாக மீட்க முடியாது.

வரம்பு அளவுகள்

எவ்வளவு ஈயம் இருந்தால் மண்ணை அகற்ற வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும்; அறிவியல் முன்னேற்றத்தைப் பொறுத்துக் காலத்துக்குக் காலமும் மாறும். ஐக்கிய அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, குடியிருப்பு மண்ணை மேலும் ஆராய வேண்டிய அளவை 1994 ஆம் ஆண்டில் கிலோகிராமுக்கு 400 மில்லிகிராம் என வகுத்தது. 2024 சனவரியில் இது 200 ஆகக் குறைக்கப்பட்டது. ஈயம் வேறு வழிகளிலும் வந்து சேரும் இடங்களுக்கு 100 எனவும் கூறப்பட்டது. 2025 அக்டோபரில் வெளியான திருத்தம் 200 என்னும் அளவை எல்லா இடங்களுக்கும் பொதுவாக்கி, விரைவாக மண்ணை அகற்றும் நடவடிக்கைக்கு 600 என்னும் அளவை வைத்தது.

வரம்பு மாறும்போது, முன்னர் "தூயது" என விடப்பட்ட முற்றங்களின் நிலை கேள்விக்குள்ளாகிறது. நெப்ராசுக்கா மாநிலத்தின் ஒமாகா நகரில், ஈய ஆலைகளால் மாசடைந்த 14,000க்கும் மேற்பட்ட வீட்டு முற்றங்கள் 1999 ஆம் ஆண்டு முதல் தூய்மையாக்கப்பட்டன. ஆனால் அங்குப் பின்பற்றப்பட்ட 400 என்னும் வரம்புக்குக் கீழே அமைந்த முற்றங்கள் தோண்டப்படவில்லை.

அகற்றும் முறை

மாதிரி எடுத்தல்

முதலில் வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் பெறப்படுகிறது. பின்னர் முற்றம் பல பகுதிகளாகப் பிரிக்கப்படும். முன்முற்றம், பின்முற்றம், காய்கறிப் பாத்தி, குழந்தைகள் விளையாடும் இடம், கூரையிலிருந்து நீர் வடியும் சுவரோரம் ஆகியவை தனித்தனியே சோதிக்கப்படுகின்றன. சுவரோரத்தில் வண்ணப்பூச்சின் உதிரியும் கூரைத் தூசியும் சேர்வதால் அங்கு ஈயம் மிகுந்திருப்பதுண்டு. ஒவ்வொரு பகுதியிலும் பல புள்ளிகளில் எடுக்கப்பட்ட மண் ஒன்றாகக் கலக்கப்பட்டு ஒரு மாதிரி ஆக்கப்படுகிறது.

எக்சு-கதிர் ஒளிர்வு முறையில் இயங்கும் கையடக்கக் கருவி, களத்திலேயே ஈய அளவைக் காட்டிவிடும். கருவியின் கதிர் மண்ணில் படும்போது ஈய அணுக்கள் தமக்கேயுரிய ஆற்றல் கொண்ட எக்சு-கதிர்களை உமிழ்கின்றன. அவற்றின் செறிவைக் கொண்டு அளவு கணிக்கப்படுகிறது. சில மாதிரிகள் ஒப்பீட்டுக்காக ஆய்வுகூடத்துக்கும் அனுப்பப்படும்.

தோண்டுதல்

மண் முதலில் நீரால் நனைக்கப்படுகிறது. உலர்ந்த மண்ணைத் தோண்டினால் எழும் தூசி, அகற்ற வந்த ஈயத்தையே வீட்டுக்குள் கொண்டு சேர்த்துவிடும். திறந்த பரப்பில் சிறிய தோண்டு பொறிகளும், மர வேர்கள், அடித்தளச் சுவர்கள், குழாய்கள் ஆகியவற்றின் அருகே மண்வெட்டியும் பயன்படுகின்றன.

அமெரிக்கத் தளங்களில் முற்றத்தின் மேல் 30 சென்டிமீட்டர் (ஓரடி) மண்ணை அகற்றுவது வழக்கம். விளையாட்டும் செடி நடுதலும் பொதுவாக இந்த ஆழத்துக்குள் அடங்கும் என்பது இதன் அடிப்படை. காய்கறித் தோட்டமாயின் 60 சென்டிமீட்டர் வரை தூய மண் தேவை எனக் கொள்ளப்படுகிறது. அதற்குக் கீழும் மாசு எஞ்சியிருப்பின், கண்ணைப் பறிக்கும் நிறமுடைய நெகிழி வலை ஒன்று விரிக்கப்பட்டு அதன்மேல் மண் இடப்படும். பிற்காலத்தில் அவ்விடத்தைத் தோண்டுவோருக்கு அது ஓர் எச்சரிக்கை.

நிரப்புதலும் கழிவை வைத்தலும்

நிரப்பும் மண்ணும் முன்னதாகவே சோதிக்கப்பட வேண்டும். நிரப்பிய பின் புல் பதிக்கப்படுகிறது. புல்வெளி மண்ணைப் பிணைத்து வைப்பதோடு, கைக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு தடையாகவும் அமைகிறது.

100 சதுர மீட்டர் பரப்புள்ள முற்றத்தில் 30 சென்டிமீட்டர் தோண்டினால் 30 கன மீட்டர் மண் வெளிவரும். ஒரு கன மீட்டர் மண்ணை ஏறத்தாழ 1.5 தொன் எனக் கொண்டால் இது 45 தொன் ஆகும். இம்மண் மூடப்பட்ட சரக்குந்துகளில் எடுத்துச் செல்லப்பட்டு, இதற்கென அமைந்த புதைகுழியில் இடப்படுகிறது. இம்முறை ஈயத்தை அழிப்பதில்லை; குழந்தைகள் அணுகாத ஓரிடத்துக்கு அதனை மாற்றிக் காவல் செய்கிறது. ஆகவே புதைகுழியைக் காலவரையின்றிப் பேணுதலும் இப்பணியின் ஒரு பகுதியே.

பங்கர் ஹில்

ஐக்கிய அமெரிக்காவின் ஐடகோ மாநிலத்தில் கெல்லாக் என்னும் சிற்றூர் உள்ளது. இங்கிருந்த பங்கர் ஹில் ஈய உருக்காலை 1917 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அதன் புகை, துணிப்பைகள் நிறைந்த வடிப்பு அறையின் வழியே செலுத்தப்பட்டு ஈயத் தூசி பிடிக்கப்பட்டது. 1973 செப்டம்பரில் இவ்வறை தீப்பற்றிச் சேதமடைந்தது. அதன் பின்னரும் பல மாதங்கள் ஆலை நிறுத்தப்படாமல் ஓட்டப்பட்டது.

1974 ஆம் ஆண்டில் நடந்த சோதனையில், ஆலையிலிருந்து ஒரு மைல் தொலைவுக்குள் வாழ்ந்த 1 முதல் 9 அகவை வரையான குழந்தைகளில் ஏறத்தாழ 99 விழுக்காட்டினரின் குருதியில் டெசிலீட்டருக்கு 40 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஈயம் காணப்பட்டது. ஆலை 1980களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. நச்சுக்கழிவுத் தளங்களைத் தூய்மையாக்க 1980 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட "சூப்பர்ஃபண்ட்" எனப்படும் சட்டத்தின்கீழ், 1983 ஆம் ஆண்டில் இப்பகுதி முன்னுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

1980களின் பிற்பகுதியில் முற்றங்களின் மண்ணை அகற்றும் பணி தொடங்கியது. கிலோகிராமுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருந்த முற்றங்கள் தோண்டப்பட்டன. சிறு குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் வாழும் வீடுகளுக்கு முதலிடம் தரப்பட்டது. எனினும், ஒரு வீட்டின் முற்றத்தை மட்டும் தூய்மையாக்கினால் போதாது என்பது விரைவில் தெளிவாயிற்று. அங்குத் திரட்டப்பட்ட தரவுகளை ஆராய்ந்தோர், குழந்தைகளைச் சேரும் ஈயத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு வீட்டினுள் உள்ள தூசியிலிருந்தும், 30 விழுக்காடு சொந்த முற்றத்திலும் அதன் அண்மையிலும் உள்ள மண்ணிலிருந்தும், எஞ்சிய 30 விழுக்காடு ஊரின் பிற பகுதி மண்ணிலிருந்தும் வருவதாகக் கணித்தனர். வீட்டுத் தூசியின் பெரும்பகுதி காலணிகளோடும் காற்றோடும் வரும் ஊர் மண்ணே ஆதலால், ஊர் முழுவதையும் ஒரே அலகாகக் கொண்டு தூய்மையாக்கும் முறை பின்பற்றப்பட்டது.

2000களின் தொடக்கத்தில் இங்குள்ள குழந்தைகளின் சராசரிக் குருதி ஈய அளவு 3 மைக்ரோகிராமை ஒட்டி இறங்கியிருந்தது. முற்றத்தில் புதிதாகக் கட்டடம் எழுப்புவோரும் குழி தோண்டுவோரும் மாவட்ட நலத்துறையிடம் அனுமதி பெற வேண்டும் என்னும் விதியும் நடைமுறைக்கு வந்தது. 1997 ஆம் ஆண்டில் மைலோ ஓடையில் ஏற்பட்ட வெள்ளம், தூய்மையாக்கிய முற்றங்கள் சிலவற்றை மீண்டும் மாசடையச் செய்தது.

சம்பாரா

நைசீரியாவின் வடமேற்கில் உள்ள சம்பாரா மாநிலத்தில் 2010 ஆம் ஆண்டில் வெளிப்பட்ட ஈய நச்சேற்றம், இவ்வகையில் அறியப்பட்டவற்றுள் மிகக் கொடியது. 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர்.

தங்கத்தின் விலை உயர்ந்தமையால் அங்குள்ள உழவர்கள் கைத்தொழிலாகத் தங்கம் எடுக்கத் தொடங்கினர். அப்பகுதியின் தங்கத் தாதுவில் ஈயமும் மிகுதியாகக் கலந்திருந்தது. தாதுக் கற்கள் ஊருக்குள் கொண்டுவரப்பட்டு, வீட்டு முற்றங்களிலேயே உடைக்கப்பட்டன. தானியம் அரைக்கும் பொறிகளைப் போன்றவற்றில் அவை மாவாக அரைக்கப்பட்டன. ஈயம் பெரும்பாலும் கார்பனேட்டு வடிவில் இருந்தமையால் வயிற்றில் எளிதில் கரைந்து குருதியில் கலந்தது. சில முற்றங்களின் மண்ணில் கிலோகிராமுக்கு 1,00,000 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. அதாவது மண்ணின் எடையில் பத்தில் ஒரு பங்கு ஈயம்.

குழந்தைகள் வலிப்பு கண்டு இறப்பதை முதலில் மலேரியா என எண்ணினர். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு குருதி மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பியபோது உண்மை வெளிப்பட்டது. தரேத்தா, யர்கல்மா ஆகிய இரு ஊர்களில் நடந்த கணக்கெடுப்பில், ஐந்து அகவைக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் முந்தைய ஓராண்டுக்குள் இறந்திருந்தமை தெரியவந்தது. சோதிக்கப்பட்ட குழந்தைகளில் 97 விழுக்காட்டினரின் குருதியில், மருந்து தேவைப்படும் அளவான 45 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஈயம் இருந்தது.

ஈயத்தைப் பிணைத்துச் சிறுநீருடன் வெளியேற்றும் சக்சிமர் போன்ற மருந்துகள் உண்டு. ஆனால் மருத்துவம் பெற்ற குழந்தை அதே முற்றத்துக்குத் திரும்பினால், சில நாட்களிலேயே ஈயம் மீண்டும் ஏறத் தொடங்கும். எனவே முற்றத்தின் மண் அகற்றப்பட்ட பின்னரே குழந்தைகளை முழுமையான மருத்துவத்தில் சேர்ப்பது என்னும் வரிசை பின்பற்றப்பட்டது. மருத்துவமனையில் மருந்து இருந்தும், ஊரில் மண் அகற்றப்படும் வரை குழந்தைகள் காத்திருக்க நேர்ந்தது.

மண் அகற்றும் பணியை, பங்கர் ஹில்லில் நெடுங்காலம் பணியாற்றிய ஐடகோப் பொறியியலாளர்கள், பிளாக்சுமித் நிறுவனம் என்னும் தன்னார்வ அமைப்புடனும் மாநில அரசுடனும் இணைந்து வடிவமைத்தனர். ஐடகோவின் முறை உள்ளூர் நிலைமைக்கேற்ப மாற்றப்பட்டது. முற்றங்கள் இறுகிய மண்தரையாக இருந்தமையால் ஈயம் மேல் சில சென்டிமீட்டருக்குள்ளேயே நின்றிருந்தது. ஆகவே ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் மண்ணை மண்வெட்டியால் செதுக்கி எடுத்தாலே போதுமானதாயிற்று. 1,000 மில்லிகிராமுக்கு மேற்பட்ட மண் அகற்றப்பட்டது. 400க்கும் 1,000க்கும் இடைப்பட்டது தூய மண்ணால் மூடப்பட்டது. உள்ளூர் மக்களே பயிற்சி பெற்று மண்ணைச் சாக்குகளில் கட்டிச் சுமந்தனர். அம்மண் ஊருக்கு வெளியே புதைக்கப்பட்டது. வெளியாட்கள் நுழைய இயலாத உள்ளறைகளை அவ்வூர்ப் பெண்கள் தூய்மையாக்கினர்.

தரேத்தாவும் யர்கல்மாவும் 2010 ஆம் ஆண்டின் மழைக்காலம் வலுக்குமுன் முடிக்கப்பட்டன. மேலும் ஐந்து ஊர்கள் 2011 ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குள் தூய்மையாக்கப்பட்டன. எட்டாவதும் பெரியதுமான பகேகாவுக்குத் தேவைப்பட்ட பணம் நெடுநாள் கிடைக்கவில்லை. நைசீரிய அரசின் நிதி 2013 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே விடுவிக்கப்பட்டது. அதுவரை அங்குச் சுமார் 1,500 குழந்தைகள் மருத்துவத்துக்குக் காத்திருந்தனர். 2013 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பணி முடிந்து, அவர்களுக்கான மருத்துவமும் தொடங்கியது.

மாற்று முறைகளும் வரம்புகளும்

மண்ணை அகற்றுவது செலவு மிக்கது. அதனால் வேறு முறைகளும் ஆராயப்பட்டுள்ளன. பாசுபேட்டைச் சேர்த்தால் ஈயம் எளிதில் கரையாத பைரோமார்பைட்டு என்னும் கனிமமாக மாறும். ஆயினும் ஈயம் மண்ணிலேயே இருக்கும். கடுகு, சூரியகாந்தி போன்ற செடிகளைக் கொண்டு ஈயத்தை உறிஞ்சி எடுக்கும் முறை மிக மெதுவானது. மண்ணோடு இறுகப் பிணைந்த ஈயத்தை வேர்கள் குறைவாகவே எடுக்கின்றன. மரத்தூள், சரளை, புல் ஆகியவற்றால் மூடுதல் மலிவானது. ஆனால் தொடர்ந்து பேணப்பட வேண்டும். கைகழுவுதல், காலணியை வாசலில் விடுதல், ஈரத்துணியால் தரையைத் துடைத்தல் ஆகியவை எந்த முறையோடும் சேர்த்துச் செய்யத்தக்கவை.

மண் அகற்றல் நிலைத்த பயன் தருவதற்கு, மாசின் மூலம் முன்னரே நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். வண்ணப்பூச்சு உதிரும் சுவரைச் சீர்செய்யாது விட்டால் புதிய மண்ணும் சில ஆண்டுகளில் மாசடையும். சம்பாராவில் தங்கம் எடுத்தல் பலருக்கு வாழ்வாதாரம் ஆதலால் அதனை முற்றாக நிறுத்த இயலவில்லை. தாது அரைக்கும் இடத்தை வீடுகளுக்கு அப்பால் மாற்றுதல், தாதுவை ஈரமாக வைத்து அரைத்தல், பணி உடையோடு வீட்டுக்குள் வராதிருத்தல் ஆகியவை அங்கு வலியுறுத்தப்பட்டன.